மூக்குக் குழாய்க் கஞ்சியில் எண்ணெய் விட்டீர்களா?

எங்கள் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து விழுங்கவே முடியாமல் போனபோது, மூக்கு வழியாக டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் தாளில் சாப்பாட்டைப் பற்றி இருந்தது ஒரே வரி: ‘ஆர்.டி. ஃபீட் 200 மில்லி, 2 மணிக்கு ஒருமுறை.’ எதை 200 மில்லி என்று அவர்களும் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அரிசிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், ஆடை எடுத்த பால், மோர், இளநீர் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தோம். நேரம் தவறவில்லை, சுத்தத்தில் குறை வைக்கவில்லை. ஆனாலும் மூன்றாவது மாதம் அத்தையின் நீலப் போர்வையை மாடியில் உதறினால் கோதுமை மாவு சலித்தது போல வெள்ளையாகப் பறந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் மீன் செதிலாகப் பிளந்திருந்தது. மாசி வறட்சி என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து பார்த்த டயட்டீஷியன் பெண் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கஞ்சியில எண்ணெய் எவ்வளவு விடறீங்க?” என்றார். ஒரு சொட்டுகூட இல்லை. டியூபில் ஒட்டிக்கொள்ளும், கொலஸ்ட்ரால் ஏறும், படுத்திருக்கிறவருக்குச் செரிக்காது என்று எங்களிடம் காரணங்கள் மட்டும் நிறைய இருந்தன. அதற்குப் பின் பதினான்கு மாதம் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், கணையம் என்று வேறு தொந்தரவு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டே எதையும் மாற்றுங்கள்.

1. மாவிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் உடம்பு தானாகவே கொழுப்பைச் செய்துகொள்ளும். இரண்டே இரண்டு கொழுப்பு அமிலங்களைச் செய்ய மட்டும் அதற்கு வழியில்லை. ஒன்று லினோலெயிக் அமிலம், ஒமேகா-6 வகை. இன்னொன்று ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், ஒமேகா-3 வகை. சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. 1929இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற கணவன் மனைவி, எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டு இதைக் கண்டுபிடித்தார்கள். மற்ற சத்தெல்லாம் கொடுத்தும் எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது; வளர்ச்சி நின்றது. அத்தையின் காலைப் பார்த்த பிறகு இதைப் படித்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது.

2. வாயால் சாப்பிடுகிறவருக்கு இந்தக் குறை அனேகமாக வராது. தாளித்த எண்ணெய், ஒரு வடை, தோசைக்கு விட்ட நல்லெண்ணெய் என்று தெரியாமலே உள்ளே போய்விடும். டியூபில் சாப்பிடுகிறவருக்கோ நாம் ஊற்றுவதுதான் உலகம். மெலிந்த உடம்பில் சேமிப்பும் குறைவு. அதோடு, சர்க்கரையும் கஞ்சியுமாகவே இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தால் இன்சுலின் ஏறி, இருக்கிற கொஞ்சம் கொழுப்பையும் கரைந்து வெளியே வரவிடாது.

3. எண்ணெய்க்கு முன்னால் ஒரு கணக்கு. 200 மில்லி தண்ணீர்க் கஞ்சியில் இருக்கும் அரிசி சுமார் 10 கிராம். அதில் 35 கலோரி. ஒரு நாளைக்கு ஏழு வேளை கொடுத்தாலும் 250ஐத் தாண்டாது. 40 கிலோ எடையுள்ள ஒருவருக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 1000 முதல் 1200 கலோரி. வயிறு நிறைந்தது, ஆள் பட்டினி! அதே 200 மில்லியில் வறுத்து அரைத்த சத்துமாவு 20 கிராம், பால் 100 மில்லி, சர்க்கரை ஒரு டீஸ்பூன், எண்ணெய் ஒரு டீஸ்பூன் என்று சேர்த்தால் 200 கலோரி வரும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையை விட்டுவிடலாம். பல நாள் பட்டினி கிடந்தவருக்கு மட்டும் ஒரே நாளில் இப்படி ஏற்றாதீர்கள். ரத்தத்தில் உப்புகள் தாறுமாறாகும். டாக்டர் பார்வையில் படிப்படியாகத்தான்.

4. எந்த எண்ணெய் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இரண்டு டீஸ்பூன், அதாவது சுமார் 9 கிராம் எண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயில் லினோலெயிக் 0.2 கிராம்கூடத் தேறாது. நெய்யிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடலை எண்ணெயில் இரண்டரை கிராமுக்கு மேல் இருக்கும். நல்லெண்ணெயில் ஏறக்குறைய 4, சூரியகாந்தியில் 5 கிராமுக்கு மேல். ஆனால் இந்த மூன்றிலும் ஒமேகா-3 இல்லை என்றே சொல்லலாம். தவிட்டு எண்ணெயில் துளி உண்டு. சோயா எண்ணெயில்தான் இரண்டும் சேர்ந்து வருகின்றன: லினோலெயிக் நாலரை கிராம், ஆல்ஃபா லினோலெனிக் 0.6 கிராம். கடுகு எண்ணெயில் ஒமேகா-3 இன்னும் கூடுதல்தான். ஆனால் அந்தக் காரம் நம் வீடுகளில் பழக்கமில்லை, நானும் முயலவில்லை.

5. அப்படியானால் எவ்வளவு தேவை? ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2008இல் கூட்டிய நிபுணர் குழு, மொத்தக் கலோரியில் குறைந்தது இரண்டரை சதவீதம் லினோலெயிக்கிலிருந்தும், அரை சதவீதம் ஆல்ஃபா லினோலெனிக்கிலிருந்தும் வரவேண்டும் என்றது. 1000 கலோரி சாப்பிடுகிறவருக்கு முன்னது 2.8 கிராம், பின்னது 0.55 கிராம். நாலாவது குறிப்போடு பொருத்திப் பாருங்கள்: நாள் முழுவதற்கும் இரண்டே டீஸ்பூன் சோயா எண்ணெயில் கணக்கு நேராகிவிடுகிறது. சோயா வேண்டாம் என்றால் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயும் கால் டீஸ்பூன் ஆளி விதை எண்ணெயும் போதும். இத்தனை சின்ன விஷயத்தையா மூன்று மாதம் கவனிக்காமல் இருந்தோம் என்று எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை. இந்த இரண்டு டீஸ்பூன், குறை வராமல் இருக்கத் தேவையான அளவு மட்டுமே. கலோரிக்காக இன்னும் எண்ணெய் சேர்க்கலாம். அதை டயட்டீஷியன் சொல்லட்டும்.

6. முதல் நாளே இரண்டு டீஸ்பூனை விட்டுவிடாதீர்கள். அரை டீஸ்பூனில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை அரையாக ஏற்றுங்கள். பேதி, வயிற்று உப்புசம், எண்ணெய் மிதக்கிற வெளிர் நிற மலம் எது தெரிந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

7. எண்ணெயைத் தனியாக சிரிஞ்சில் உறிஞ்சி டியூபில் விடக் கூடாது. கஞ்சியின் மேல் ஊற்றி ஸ்பூனால் கலக்கினாலும் பயனில்லை. சிரிஞ்சில் கஞ்சி முதலில் இறங்கிவிடும்; எண்ணெய் மேலே மஞ்சள் வளையமாக மிதந்து, கடைசியில் சிரிஞ்சுச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கொடுத்தோம் என்று நினைப்போம், பாதிதான் போயிருக்கும். வெதுவெதுப்பான கஞ்சியோடு வெந்த பாசிப்பருப்போ பாலோ சேர்த்து, எண்ணெயையும் விட்டு, மிக்ஸியில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பருப்பிலும் பாலிலும் இருக்கும் புரதம் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் டம்ளரில் வைத்துப் பாருங்கள். மேலே எண்ணெய் பிரியவில்லை என்றால் சரியாகக் கலந்திருக்கிறது.

8. மாவை அதிகம் போட்டால் கஞ்சி கூழாகி சிரிஞ்சில் இறங்காது. தண்ணீர் விட்டால் சத்து நீர்த்துப் போகும். இதற்கு நம் கைவசம் ஒரு வித்தை உண்டு. முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு மாவு ஒரு டீஸ்பூனைச் சிறிது தண்ணீரில் கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கிச் சற்றே சூடு தணிந்த கூழில் விட்டுக் கிளறுங்கள். முளையில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சிறு துண்டுகளாக உடைக்கும். கண்ணெதிரே கூழ் இளகிக் கஞ்சியாவதைப் பார்க்கலாம். பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒரு கொதி விடுங்கள். கொதிக்கிற கூழிலேயே போட்டால் நொதி செத்துவிடும்.

9. எதை அரைத்தாலும் வடிகட்டி. டீ வடிகட்டி போதாது. அதைவிட நைசானது வேண்டும்.

10. ஆளி விதை நல்லதாமே என்று பொடி செய்து கஞ்சியில் கலக்காதீர்கள். தண்ணீர் பட்டதும் வெண்டைக்காய் போலக் கொழகொழத்து, டியூபை அடைத்துவிடும். எங்கள் வீட்டில் ஒருமுறை அப்படி அடைத்து, புது டியூப் போட ஆளைக் கூப்பிட வேண்டியதாயிற்று, அத்தைக்குத்தான் அவஸ்தை. டியூபுக்கு ஆளி விதை எண்ணெய்தான் சரி. அதையும் சூடுபடுத்தாமல், கஞ்சி ஆறிய பிறகு விட்டு அடியுங்கள்.

11. டப்பா பவுடர் கொடுக்கிறவர்கள் பின்பக்கம் இருக்கும் பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். மொத்தக் கொழுப்பு எத்தனை கிராம் என்பதோடு நிற்காமல், அதன் கீழே லினோலெயிக் ஆசிட், ஆல்ஃபா லினோலெனிக் ஆசிட் என்று தனித்தனி வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு பெயருக்கும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஏமாந்துவிடாதீர்கள். ஒலெயிக் ஆசிட் என்று இன்னொன்றும் இருக்கும். அது உடம்பே செய்துகொள்வது, இந்தக் கணக்கில் வராது. 100 கிராமுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பதை, நீங்கள் ஒரு நாளில் கரைக்கிற பவுடரின் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் ஐந்தாவது குறிப்பின் அளவு வருகிறதா என்பது தெரிந்துவிடும். டியூபுக்கென்றே தயாரித்த முழு உணவுப் பவுடரைச் சொன்ன அளவில் கொடுத்தால் பெரும்பாலும் கவலையில்லை. புரதப் பவுடரை மட்டும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு அதையே சாப்பாடு என்று நினைப்பதுதான் தவறு. பல புரதப் பவுடர்களில் கொழுப்பு பெயருக்குத்தான் இருக்கும்.

12. எம்.சி.டி. எண்ணெய் என்று ஒன்று எழுதித் தருவார்கள். கொழுப்பு செரிக்காதவர்களுக்கு அது நல்ல மருந்து, கலோரியும் தரும். ஆனால் நாம் பேசும் இரண்டு அமிலங்களும் அதில் கிடையாது. அது மட்டுமே போகிறது என்றால், “இவங்களுக்கு லினோலெயிக் எதிலிருந்து கிடைக்குது டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

13. ஆடை எடுத்த பாலும் மோரும் கொழுப்பு குறைவு என்பதால் நல்லது என்று நினைத்தோம். படுத்த படுக்கையாகி எலும்பும் தோலுமாக இருப்பவருக்குக் கொழுப்பைக் குறைத்து என்ன லாபம்? முழுப் பாலே கொடுங்கள். ஆனால் பால் கொழுப்பை நம்பி எண்ணெயை விட்டுவிடக் கூடாது. அதிலும் லினோலெயிக் சொற்பம்.

14. சூரியகாந்தி எண்ணெய் மட்டும் போதாதா என்று என் நாத்தனார் கேட்டாள். நார்வேயில் க்ரிஸ்டியான் பியெர்வே என்பவரின் குழு 1987இல் எழுதிய ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. வருடக்கணக்கில் வயிற்றுக் குழாய் வழியாகவே சாப்பிட்டு வந்த நோயாளிகளுக்குத் தோல் செதிலாக உரிந்தது. அவர்கள் உணவில் ஒமேகா-3 மிக மிகக் குறைவு. அதைச் சேர்த்துக் கொடுத்ததும் தோல் தேறியது. அதனால் இரண்டு வகையும் வேண்டும்.

15. முட்டை சாப்பிடும் வீடென்றால் நன்றாக வேகவைத்த முட்டையை மஞ்சள் கருவோடு பாலில் அரைத்து வடிகட்டிக் கொடுக்கலாம். மஞ்சள் கரு எண்ணெய் பிரியாமலும் காக்கும். பச்சை முட்டை வேண்டவே வேண்டாம்.

16. மத்தி மீனை ஆவியில் வேகவைத்து, முள்ளை ஒன்று விடாமல் எடுத்து, அரைத்து, இரண்டு முறை வடிகட்டிக் கொடுக்கிற பொறுமை இருந்தால் ஒமேகா-3க்கு அதை மிஞ்ச ஒன்றுமில்லை. எனக்கு இருந்ததில்லை. மீன் எண்ணெய் மாத்திரையை ஊசியால் குத்தி டியூபில் பிழிகிற யோசனை பலருக்கும் வரும். பாதி விரலிலும் மீதி டியூபிலும் ஒட்டும். எவ்வளவு போனது என்றே தெரியாது. தேவை என்றால் திரவமாகக் கிடைப்பதை டாக்டர் எழுதித் தருவார்.

17. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவரா? சோயா எண்ணெயில் வைட்டமின் கே உண்டு. புதிதாகச் சேர்க்கும்போதும் திடீரென்று நிறுத்தும்போதும் டாக்டரிடம் சொல்லி, ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை பார்த்துக்கொள்ளுங்கள். மீன் எண்ணெய்க்கும் இதே எச்சரிக்கை.

18. எண்ணெயைச் சின்ன பாட்டிலாக வாங்கி இருட்டான அலமாரியில் வையுங்கள். ஆளி விதை எண்ணெய் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். அது மற்றவற்றைவிடச் சீக்கிரம் கெடும். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். வாயால் சாப்பிடுகிறவர் முகம் சுளிப்பார், டியூபில் சாப்பிடுகிறவருக்கு அந்த வழியும் இல்லை. அவருக்காக நாம்தான் மோந்து பார்க்க வேண்டும். அப்பளம் பொரித்த எண்ணெயை மிச்சம் பிடிக்க இது இடமில்லை.

19. ஒவ்வொரு முறையும் கொடுப்பதற்கு முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான குடிநீர் விடுங்கள் (தண்ணீர் கணக்குப் பார்க்கச் சொல்லியிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்). எண்ணெய் சேர்த்த கஞ்சிக்கு இது கட்டாயம். சிரிஞ்சைச் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவி, சோப்பு போக அலசிக் கவிழ்த்து வையுங்கள். ஓரத்தில் விரல் வைக்கும்போது வழுக்கினால் இன்னும் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம்.

20. தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தாமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். கொடுத்து முடித்த பிறகும் முக்கால் மணியாவது அப்படியே இருக்கட்டும். மூக்கருகே டியூபில் போட்டிருக்கும் குறி நகர்ந்திருந்தால், இருமல் வந்தால், நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள்.

21. மூக்கில் இரண்டு சொட்டு நெய், வாயில் நல்லெண்ணெய் கொப்பளிப்பு, வறண்ட தொண்டைக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் எல்லாம் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. விழுங்க முடியாதவருக்கு இவை ஆபத்து. எண்ணெய் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும், இருமல்கூட வராது. அதனால் வருகிற நிமோனியா ஆன்டிபயாடிக்கில் தீர்வதில்லை. டியூப் மாட்டும்போது வழுக்கலுக்கும் எண்ணெய் வேண்டாம். தண்ணீரில் கரையும் ஜெல்லி மருந்துக் கடையில் கிடைக்கும்.

22. அரைத்த கஞ்சி வெளியே இரண்டு மணி நேரம், ஃப்ரிட்ஜில் ஒரு நாள். அதற்கு மேல் கூடாது.

23. எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது? முழங்கால், முன்கை, நெற்றி ஓரத்தில் செதில், சீப்பில் கொத்தாக வரும் முடி, சின்னக் கீறல்கூட வாரக்கணக்கில் ஆறாமல் இருப்பது, அடிக்கடி தொற்று. இவை தைராய்டு குறைந்தாலும், துத்தநாகம் குறைந்தாலும், தினமும் கார சோப்பு போட்டுத் துடைத்தாலும்கூட வரும். அதனால் தோலை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிட முடியாது. வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் இந்தக் குறை தெரியாது. ட்ரையீன்–டெட்ரையீன் விகிதம் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. லினோலெயிக் இல்லாதபோது உடம்பு வேறு வழியின்றி மீட் அமிலம் என்ற ஒன்றைச் செய்யத் தொடங்கும். அது ஏற ஏற விகிதம் கூடும், 0.2ஐத் தாண்டினால் குறைபாடு. எல்லா லேபிலும் இதைச் செய்வதில்லை. கொடுக்கிற கஞ்சியைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அதைவிடச் சுலபம், செலவும் இல்லை.

24. தோலில் தடவுவதற்குத் தேங்காய் எண்ணெயைவிடச் சூரியகாந்தி எண்ணெய் மேல் என்பது என் கட்சி. குடலின் பெரும்பகுதியை வெட்டி எடுத்த நோயாளிகளுக்கு இந்த எண்ணெயைத் தோலில் தடவியே குறையைச் சரிசெய்ததாக 1974இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எல்லோருக்கும் அப்படிப் பலிக்கும் என்று நம்பிக் கஞ்சி எண்ணெயை நிறுத்திவிடக் கூடாது. குளித்த ஈரம் காய்வதற்குள், தேய்க்காமல், மெல்ல ஒற்றித் தடவுங்கள். தரையில் சிந்தினால் உடனே துடையுங்கள். பார்த்துக்கொள்கிறவர் வழுக்கி விழுந்தால் வீட்டில் இரண்டு படுக்கை.

25. படுக்கைப் புண்ணுக்கு எண்ணெய் மருந்தல்ல. இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பதும் போதிய புரதமும்தான் முதலில். தோல் புதுப்பிக்க இந்தக் கொழுப்பும் வேண்டும், அவ்வளவே.

26. அத்தைக்கு எண்ணெய் சேர்த்தபோதே பருப்பும் முட்டையும் கூட்டினோம், துத்தநாகச் சொட்டு மருந்தும் எழுதித் தந்தார்கள். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆறாவது வாரம் அதே நீலப் போர்வையை உதறினேன், ஒன்றும் பறக்கவில்லை.

27. டியூபோடு வீட்டுக்கு அனுப்பும் நாளில், எத்தனை மில்லி என்று மட்டும் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம், எந்த எண்ணெய் எத்தனை டீஸ்பூன் என்று மூன்றையும் டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டவர்கள், நேற்றுக் கொடுத்ததையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.